மருந்து போட்ட கிணறு

திருத்தணி மலையடிவாரத்து மிஷன் பள்ளிக்கு லோயிஸ் டீச்சர் வந்து சேர்ந்தபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. காகிதம் கிடைக்கவில்லை. சிலேட்டு விலை ஏறிவிட்டது. சாக்பீஸ் விரலில் பிடிக்க முடியாத அளவுக்குத் தேய்ந்த பிறகுதான் புதிது தருவேன் என்று தலைமை ஆசிரியர் எலியேசர் சொல்லிவிட்டார். எதுவும் இல்லாத வகுப்பில் எதை வைத்துப் பாடம் நடத்துவது என்று யோசித்தபோது அவளுக்குத் தண்ணீர் கண்ணில் பட்டது. தண்ணீருக்கு மட்டும்தான் அப்போது ரேஷன் இல்லை.

அதனால் முதல் வகுப்புக்குத் தண்ணீரே பாடமாயிற்று. ஈரத் துணியால் துடைத்த சிலேட்டுகளில் பாதியை வெயிலிலும் பாதியை நிழலிலும் வைத்து, எது முதலில் காய்கிறது என்று பிள்ளைகளைப் பார்க்கச் சொன்னாள். தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்டாள். சிலேட்டு குடித்துவிட்டது என்று ஒரு கட்சியும் சூரியன் குடித்துவிட்டது என்று இன்னொரு கட்சியும் சேர்ந்து சண்டை போட்டார்கள். எலியேசர் வீட்டுக் கோழி முட்டை வெறும் தண்ணீரில் மூழ்கியது, உப்பைக் கரைத்ததும் மேலே வந்தது. பப்பாளி இலைக் காம்பை வளைத்து, பெஞ்சின் மேலிருந்த சட்டியிலிருந்து தரையில் இருந்த சட்டிக்குத் தண்ணீரை இறக்குவதற்குப் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். அதில் வேடியப்பன் என்ற பையன் கெட்டிக்காரன். ஒரே உறிஞ்சலில் தண்ணீரை வரவழைத்துவிடுவான். மற்றவர்கள் பாதியைக் குடித்துவிட்டு, மீதியைச் சட்டையில் கொட்டிக்கொள்வார்கள்.

"புள்ளைங்க இன்னும் ஆனா ஆவன்னாவே சரியா எழுதல. நீங்க குழாய் உறிய கத்துக் குடுத்துகினு இருக்கீங்களேம்மா" என்றார் எலியேசர்.

"கையால செஞ்சத மறக்கமாட்டாங்க சார்" என்றாள் லோயிஸ்.

பயிற்சிப் பள்ளியில் இப்படியெல்லாம் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். போய்ச் சேரும் ஊர் எப்படிப்பட்டது என்பதைச் சொல்லிக்கொடுக்க அங்கே யாரும் இல்லை.

அவள் குடியிருந்தது கௌரியம்மாள் வீட்டுப் பின்கட்டில். கௌரியம்மாள் கணவனை இழந்தவள், மலைக்குப் போகும் வழியில் பூத் தொடுத்து விற்பவள். இரண்டு பெண்கள். மூத்தவள் சுலோச்சனா கல்யாண வயதில் இருந்தாள். இளையவள் மணியம்மை லோயிஸின் வகுப்பிலேயே படித்தாள். அந்தத் தெருவில் மற்றக் கிணறுகளெல்லாம் உப்பு, கௌரியம்மாள் வீட்டுக் கிணறு ஒன்றுதான் நல்ல தண்ணீர். ஆடிக் கிருத்திகைக்கு நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து காவடி எடுத்து வருகிறவர்கள்கூட விசாரித்துக்கொண்டு அந்த வீட்டுக்குத் தண்ணீருக்கு வருவார்கள். கௌரியம்மாளுக்கு ஊரில் இருந்த மரியாதையெல்லாம் அந்தக் கிணற்றால் வந்தது.

லோயிஸ் குடிவந்த அன்றே கௌரியம்மாள் தன்மையாகச் சொல்லிவிட்டாள். "கெணத்துக் கயித்த மட்டும் தொடாதீங்க டீச்சரம்மா. ஊர் வாய மூட முடியாது. மத்தபடி நீங்களும் எம்பொண்ணு மாதிரிதான்."

ஊருக்கே தண்ணீரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வந்தவள் ஒரு வாளி இறைத்துக்கொள்ள முடியாது. தினமும் சுலோச்சனா இறைத்து அவள் குடத்தில் ஊற்றுவாள். ஊற்ற வந்த இடத்தில் பேச்சு வளர்ந்து இருவரும் சிநேகிதமாகிவிட்டார்கள். பப்பாளிக் காம்புகளை நறுக்கி, உள்ளே குச்சி விட்டுச் சுத்தம் செய்து கொடுப்பது சுலோச்சனாதான்.

சுலோச்சனாவுக்குத் திருவாலங்காட்டில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். சுப்பிரமணி அரக்கோணத்தில் ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா. அப்பன் இல்லாத பெண் என்று முன்பு வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. இந்த இடமும் அவன் பிடிவாதத்தால் நின்றதே தவிர, அவன் அம்மா தேவகிக்கு முழு மனசு இல்லை. கோயிலில் ஒரே ஒரு தரம் அவனைப் பார்த்திருந்த சுலோச்சனாவுக்கோ வேறு யாரும் வேண்டாம்.

"அதிகமா பேசமாட்டாரு டீச்சர். நம்மள பாத்தா சிரிப்பாரு. எனக்கு அது போதும்" என்றாள் ஒரு நாள், வாளியை இழுத்துக்கொண்டே.

ஆடியில் நல்ல காரியம் பேசமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் தட்டு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. அதற்கு முன்னால், கிருத்திகைக்குக் காவடியோடு வரும்போது தேவகி அம்மாள் முதல் நாள் பரணியன்று கௌரியம்மாள் வீட்டில் கை நனைப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் அந்த வீட்டில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் கல்யாணம் நிச்சயம் என்று சுலோச்சனா நம்பினாள். அது சரியான நம்பிக்கைதான்.

அந்த வாரத்தில்தான் லோயிஸ் கரைவதைப் பற்றிப் பாடம் நடத்தினாள். மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, தொண்டை வலித்தால் கொப்பளிக்க என்று ஒரு பாட்டில் நிறைய பொட்டாசியம் பர்மாங்கனேட் கொடுத்திருந்தாள். லோயிஸ் அதில் ஒரே ஒரு மணியை எடுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டாள். மணி கீழே இறங்கியது. அதன் பின்னாலேயே ஊதா நிறத்தில் ஒரு நூல் இறங்கியது. நூல் பிரிந்தது, பரவியது, கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்க ஒரே நிறம். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

"நாவாப்பழ கலரு" என்றான் வேடியப்பன்.

பிறகு அந்த டம்ளர் தண்ணீரை வாளியில் கொட்டினாள். வாளித் தண்ணீரும் ரோஜா நிறமாயிற்று. ஒரு மணிக்குள் இவ்வளவு நிறம் இருக்கிறது பாருங்கள் என்றாள்.

"கெணத்துல போட்டா டீச்சர்?" என்று கேட்டாள் மணியம்மை.

நல்ல கேள்வி. லோயிஸுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "ஒரு மணி பத்தாது. நெறைய போடணும்" என்றாள்.

"எவ்ளோ?"

"போட்டுப் பாத்தாதானே தெரியும்" என்று சிரித்தாள் லோயிஸ்.

பரணியன்று காலையில் தேவகி அம்மாள், மகன், இரண்டு உறவுக்காரர்கள் எல்லோரும் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். வீட்டில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. கௌரியம்மாள் வாசலில் நின்று வரவேற்றாள். சுலோச்சனா கால் அலம்பத் தண்ணீர் கொண்டுவரக் கிணற்றடிக்கு ஓடினாள். கூச்சத்தில் தலை நிமிராமல் வாளியை இழுத்து, செம்பில் மொண்டு வந்து, தேவகி அம்மாளின் காலில் ஊற்றினாள். சிமெண்டுப் படியில் தண்ணீர் ரோஜா நிறத்தில் ஓடியது.

தேவகி அம்மாள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அந்த நிறம் அங்கே எல்லோருக்கும் தெரியும். சுகாதார இலாகாக்காரர்கள் கிணற்றில் போடும் மருந்து அது. திருவிழாவுக்கு முன்னால் எல்லாக் கிணறுகளிலும் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பேதியில் ஆள் செத்த பிறகுதான் மருந்து வரும் என்பது ஊர் கண்ட அனுபவம். அதனால் கிணறு சிவந்திருந்தால் அந்த வீட்டில் பேதி கண்டிருக்கிறது என்று அர்த்தம். தேவகி அம்மாளுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் கணவனும் மூத்த மகளும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போனவர்கள். அப்போது அவள் வீட்டுக் கிணறும் இந்த நிறத்தில்தான் இருந்தது.

"ஏன் கௌரி, யாருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"யாருக்கும் ஒன்னும் இல்ல அண்ணி. ஏன் இப்டி ஆச்சுன்னே தெரில. சாமி சத்தியமா தெரில" என்றாள் கௌரியம்மாள். அவளுக்கு நாக்கு குழறியது. குழறியதைப் பார்த்துத்தான் தேவகி அம்மாள் முடிவு செய்தாள். கத்தவில்லை, திட்டவில்லை. சேலை நுனியால் காலைத் துடைத்துக்கொண்டு, "ஆடி போவட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். சுப்பிரமணி செம்போடு நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் போனான். அன்று அவன் சிரிக்கவில்லை.

லோயிஸ் பின்கட்டுக்கு ஓடிப் பார்த்தபோது மாடத்தில் இருந்த பாட்டில் காலி. மணியம்மையைத் தேட வேண்டியிருக்கவில்லை. அவளே வந்து நின்றாள்.

"முழுசும் போட்டாதான் கலர் வருது டீச்சர். மொதல்ல பொகை மாதிரி போச்சு. அப்பறம் வாளிய உட்டு ஆட்டினேன்" என்றாள். முகமெல்லாம் பெருமை.

லோயிஸுக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. சொன்னதைச் சொன்னபடி செய்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிற குழந்தை அது. அப்படி இருக்கக் கற்றுக்கொடுத்தது யார்? அடுப்படியில் கௌரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள். சுலோச்சனா மட்டும் அழாமல் வந்து, "இத போய் அவங்ககிட்ட சொன்னா நம்புவாங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

"சுகாதார இன்ஸ்பெக்டர் சொன்னா நம்புவாங்க. நான் பாத்துட்டு வர்றேன்" என்றாள் லோயிஸ்.

இன்ஸ்பெக்டர் வரதராஜன் மரியாதையான மனிதர். குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்த டீச்சரை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டார். குழந்தையிடமும் கேட்டார். எப்போது போட்டாய், எவ்வளவு போட்டாய், இன்னும் நிறம் இருக்கிறதா? மணியம்மை தெளிவாகப் பதில் சொன்னாள். இந்த வீட்டில் நோய் இல்லை, மருந்து இலாகா போட்டதல்ல என்று பிள்ளை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று லோயிஸ் கேட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு நானே நேர்ல வந்து பாக்கறேம்மா" என்றார் அவர். லோயிஸ் நன்றி சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்பினாள். நன்றி வேறு சொன்னாள் அந்த ஆளுக்கு.

மறுநாள் அவர் சொன்னபடியே வந்தார். கூடவே ஜில்லா தலைநகரான சித்தூரிலிருந்து திருவிழா ஏற்பாடுகளைப் பார்வையிட வந்த பெரிய அதிகாரியும் வந்தார். ஊரில் எந்தக் கிணற்றிலும் மருந்து போட்டிருக்கவில்லை. மருந்து மூட்டை யுத்தத்தால் வந்து சேரவில்லையா, வந்து வேறெங்காவது போய்ச் சேர்ந்ததா, அது வரதராஜனுக்குத்தான் தெரியும். அதிகாரிக்குக் காட்ட அவருக்கு ஒரு சிவந்த கிணறு தேவைப்பட்டது. நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரிந்தது.

"இந்தத் தெருவுல சந்தேகம் இருந்துச்சு சார். உடனே மருந்து போட்டுட்டேன்" என்றார், தெருவே கூடி நின்று கேட்கும்படி. கூட வந்த ஆள் கிணற்றுச் சுவரில் மருந்து போட்டதற்கு அடையாளமாகக் காவி தீட்டினான்.

"சார், அது குழந்த போட்டது. நேத்தே உங்ககிட்ட சொன்னேனே" என்றாள் லோயிஸ்.

வரதராஜன் அதிகாரியைப் பார்த்துப் புன்னகை செய்தார். "மிஷன் டீச்சர் சார். புள்ளைங்களுக்குத் தண்ணியில ஏதோ வெளையாட்டு சொல்லிக் குடுக்கறாங்க." அதிகாரியும் புன்னகை செய்துவிட்டு நகர்ந்தார். வரதராஜன் பின்தங்கி, குரலைத் தாழ்த்தினார். "நல்லதுக்கு சொல்றேம்மா. திருவிழா நேரத்துல ஊர் குடிக்கிற கெணத்துல மிஷன்காரங்க வீட்டு பாட்டில் கொட்டியிருக்குன்னு நான் எழுதினா இன்னா ஆவும்? உங்க ஸ்கூல் இருக்குமா? இந்தப் பொண்ணுங்க இங்க இருக்க முடியுமா? நான் போட்டதாவே இருக்கட்டும். எல்லாருக்கும் அதான் நல்லது."

அவருக்கு அது உண்மையிலேயே நல்ல யோசனையாகப் பட்டிருக்க வேண்டும். இப்படிப்பட்டவர்கள் ராத்திரி நன்றாகத் தூங்குவார்கள்.

'சந்தேகம்' என்று அவர் சொன்ன சொல் அன்று சாயங்காலத்துக்குள் திருவாலங்காடு போய்ச் சேர்ந்துவிட்டது. கிருத்திகைக்கு வந்தவர்கள் காவி தீட்டிய கிணற்றைக் கண்டதும் விலகி, சத்திரத்துக் கிணற்றுக்குப் போனார்கள். அதில் நிறம் எதுவும் இல்லாததால் அது சுத்தமான தண்ணீர் என்று எல்லோரும் நம்பினார்கள். வருஷா வருஷம் கௌரியம்மாள் வீட்டில் குடித்தவர்களும் அங்கேதான் குடித்தார்கள். தெருக்காரர்களும் அங்கிருந்துதான் கொண்டுவந்தார்கள்.

காவடிகள் இறங்கிப்போன பிறகு பேதி வந்தது. முதலில் சத்திரத்தில் தங்கியிருந்தவர்கள், பிறகு தெரு. லோயிஸின் வகுப்பில் வேடியப்பன் போனான். காலையில் வகுப்புக்கு வராத பையனை மாலையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கௌரியம்மாள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தெரு அதையும் கவனித்தது. பேதி முதலில் கண்டது அந்த வீட்டில்தானே, இல்லாவிட்டால் ஏன் அங்கே மட்டும் மருந்து போட்டார்கள் என்று பேசினார்கள். அவர்கள் மட்டும் மருந்துத் தண்ணீர் குடித்துப் பிழைத்துக்கொண்டு, நோயை ஊருக்கு விட்டுவிட்டார்களாம். கௌரியம்மாளின் பூவை வாங்க ஆள் இல்லை.

பேதி ஓய்ந்து பள்ளி மறுபடி திறந்தபோது, "இனிமே தண்ணிப் பாடம் வேணாம்மா" என்றார் எலியேசர். லோயிஸ் சரி என்றாள். பப்பாளிக் காம்புகள் ஜன்னலோரத்தில் கிடந்து காய்ந்து சுருண்டன. அவற்றை எடுத்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அவள் ஒரு விஷயத்தை விடவில்லை. திருவாலங்காட்டுக்கு இரண்டு முறை போனாள். முதல் முறை தேவகி அம்மாள் வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பினாள். இரண்டாவது முறை சுப்பிரமணி அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தான். ஆவணியில் ஒரு நாள் தேவகி அம்மாள் மகனோடு கௌரியம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். திண்டாட்டமும் சலிப்பும் அவள் முகத்தில் தெரிந்தன.

"எம்புள்ள சரியா சாப்பிட்டு எத்தினி நாளாச்சு தெரியுமா? இந்த டீச்சரம்மா வேற வந்து வந்து சொல்றாங்க, கொழந்ததான் போட்டுச்சுன்னு. நான் கல்லு மனசுக்காரி இல்ல கௌரி. பயந்தவ. அந்தக் கொழந்த தன் வாயால சொல்லட்டும். கொழந்த பொய் சொல்லாது. சொன்னா இப்பவே தட்டு மாத்திக்கலாம்."

தெருவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். வேடியப்பனின் அம்மா தலையை முடியாமல் எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கௌரியம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுலோச்சனா மணியம்மையைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள்.

லோயிஸ் குழந்தையின் முன்னால் குனிந்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் குழந்தை சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். "மணி, அன்னிக்கு கெணத்துல இன்னா நடந்துச்சோ அத அப்டியே சொல்லு. பயப்படாத" என்றாள்.

மணியம்மை அக்காவை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஒன்னும் போடல. இன்ஸ்பெக்டருதான் போட்டாரு" என்றாள்.

"மணி, பாட்டில் எடுத்தியே. பொகை மாதிரி போச்சுன்னு சொன்னியே."

"எந்தப் பாட்டிலு டீச்சர்?"

தேவகி அம்மாள் பெருமூச்சு விட்டாள். அவளும் குழந்தை வேறு மாதிரி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள் போலிருந்தது. "வாடா" என்று மகனைக் கூப்பிட்டாள். சுப்பிரமணி வாசலையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு போனான். தெரு கலைந்தது. வேடியப்பனின் அம்மா கடைசியாகத் தன் வீட்டுக்குள் போனாள்.

லோயிஸ் பின்பக்கம் வந்தபோது சுலோச்சனா கிணற்றடியில் அவள் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், தினமும் போல.

"நான்தான் அப்டி சொல்லச் சொன்னேன் டீச்சர்" என்றாள் குடத்தைப் பார்த்தபடியே. "ஒரு வாரமா சொல்லிக் குடுத்துகினு இருந்தேன்."

"ஏன் சுலோச்சனா? அவங்க நம்பறேன்னு சொன்னாங்களே. உன் கல்யாணம் நடந்திருக்கும்."

"அவங்க நம்புவாங்க. வேடியப்பன் அம்மா அங்கியே நின்னுகினு இருந்தாங்களே, பாத்தீங்களா? 'நான்தான் கெணத்துல ஒன்னு போட்டேன்'னு மணி சொன்னா, அது மருந்துன்னா நெனைப்பாங்க அவங்க? புள்ளைய பறிகுடுத்தவங்க. இந்தத் தெருவுல மணி இனிமே நடக்க முடியுமா?" கயிற்றைச் சுருட்டி வைத்தாள். "எனக்கு அவரு வேணும் டீச்சர். மணியும் வேணும். ரெண்டும் சேந்து கெடைக்கல."

லோயிஸுக்கு அழுகை வந்தது. சுலோச்சனாவின் கையைப் பிடிக்கப் போனாள். சுலோச்சனா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"உங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா அது பொய். இந்த மாசத்தோட வேற எடம் பாத்துக்குங்க. அம்மா வாய் விட்டு சொல்லமாட்டாங்க. அதான் நான் சொல்றேன்." குடத்தை லோயிஸின் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லோயிஸ் குடத்தைத் தூக்கவில்லை. அடுப்படிக் கதவு மெல்லத் திறந்து மணியம்மை வெளியே வந்தாள். வகுப்பில் பதில் சொல்லிவிட்டு நிற்பது போலவே கைகளைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் நின்றாள்.

"நான் சரியா சொன்னேனா டீச்சர்?" என்று கேட்டாள்.

லோயிஸ் அவளைப் பார்த்தாள். உள்ளே சுலோச்சனா பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றுவிட்டது.

"ஆங், சரியா சொன்னே" என்றாள் லோயிஸ்.